கடைசி அப்டேட்: 27.7.2009

பாதி செய்த பொருளைக் கடையில் வைத்து முழுக் காசையும் வாங்கிக்கொண்டு, "மீதி பின்னால் வரும்" என்று சொல்லும் வியாபாரத்தை ஸ்டீம் என்ற கணினி கேம் கடை 2013 மார்ச்சில் தொடங்கியது. 'ஏர்லி ஆக்சஸ்' என்று பெயரும் வைத்தது. அதோடு அவர்கள் பங்கு முடிந்தது. தொழில் நம்முடையது. தலைமையிடம் தூத்துக்குடி. ஸ்டீம்காரன் அந்தப் பெயரை வைப்பதற்கு 150 ஆண்டு முன்பிருந்தே இந்தக் கடற்கரையில் அது சிறப்பாக நடந்துவருகிறது.

கேம் ஆடும் பிள்ளைகளுக்கு இந்த வியாபாரத்தில் ஒரு தீராத கவலை உண்டு. காசு கட்டியாயிற்று. தொடக்கத்தில் வாரம் ஒரு அப்டேட் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு, 'எங்கள் குழு இரவுபகலாக உழைத்துக்கொண்டிருக்கிறது' என்று ஓர் அறிவிப்பு. அப்புறம் அறிவிப்பும் இல்லை. கேம் உயிரோடு இருக்கிறதா, செய்தவன் கைகழுவிவிட்டானா? யாரைக் கேட்பது? திரேஸ்புரத்துப் பையன் ஒருவன் இதற்கு எனக்குப் பாடம் எடுத்தான்.

"செத்துப்போச்சுன்னு டெவலப்பர் சொல்லவே மாட்டான் அண்ணாச்சி. நாமளாத்தான் கண்டுபிடிக்கணும்."

"எப்படிலே கண்டுபிடிப்ப?"

"ரெண்டே சோதனைதான். கடைசியா வேலை பார்த்தது என்னைக்குன்னு பாக்கணும். கடையில இன்னும் விக்கிறானான்னு பாக்கணும். வேலை நின்னு, விற்பனை மட்டும் ஓடுச்சுன்னா, சங்கு ஊதியாச்சுன்னு அர்த்தம்."

அவன் உதாரணமும் வைத்திருந்தான். 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2' என்றொரு ராக்கெட் கேம். 2023 பிப்ரவரியில் கிட்டத்தட்ட 50 டாலர் விலையில் ஏர்லி ஆக்சஸாக வந்தது. மறு ஆண்டே அதைச் செய்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். கேம் மட்டும் கடையில் தொங்கிக்கொண்டே இருந்தது. இப்படிப் பல புகார் வந்தபின், 2025 பிப்ரவரியில் ஸ்டீம் ஒரு காரியம் செய்தது. ஓராண்டுக்கு மேல் அப்டேட் இல்லாத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில், 'இது அப்டேட் ஆகி இவ்வளவு காலமாயிற்று, அதில் சொல்லியிருப்பது பழைய கதையாக இருக்கலாம்' என்று எச்சரிக்கை போடத் தொடங்கியது.

லாபத்துக்குக் கடை நடத்தும் ஒரு தனியார் கம்பெனிக்கு இருக்கும் வெட்கம் அது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துப் பக்கம் வாருங்கள்.

சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம். கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போகக் கடலுக்குள் வழி வெட்டும் திட்டம். இதன் பதிப்பு வரலாறு வருமாறு:

1860: இந்திய மரைன் அதிகாரி ஏ.டி. டெய்லர் முதல் வரைவைக் கொடுக்கிறார். அடுத்த 60 ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் வரைவுமேல் வரைவு போடுகிறார்கள். ஒரு கூடை மண்கூட எடுக்கப்படவில்லை.

1955: சுதந்திர இந்தியா, ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் குழு போடுகிறது. சுமார் 10 கோடி ரூபாயில் முடியும் என்கிறது குழு. கால்வாயும் தூத்துக்குடித் துறைமுகமும் ஒரே திட்டமாக நடக்க வேண்டும் என்கிறது. ராமர் பாலம் என்று பலர் சொல்லும் ஆதம் பாலத்து மணல்திட்டுகள் இடம் மாறுகிறவை, அவற்றை வெட்டிக்கொண்டு போகும் யோசனையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறது. இந்த 150 ஆண்டு வரலாற்றில் 'விட்டுவிடுங்கள்' என்று யாரோ தெளிவாகச் சொன்ன அபூர்வத் தருணம் அது. ஆகவே கடைசியில் வெட்டப் போனவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1960கள் முதல் 1990கள் வரை: நாகேந்திர சிங் குழு, வெங்கடேஸ்வரன் குழு, லட்சுமிநாராயணன் குழு, பல்லவன் ஆலோசனை நிறுவனம். அப்டேட் என்றால் புது அறிக்கை. பழைய அறிக்கையில் மதிப்பீட்டை மட்டும் திருத்தினால் அது பேட்ச்.

2 ஜூலை 2005: பிரதமர் மன்மோகன் சிங், சோனியா காந்தி, கலைஞர் முன்னிலையில் கோலாகலத் தொடக்கம். மதிப்பீடு 2,427 கோடி. விழா நடந்த இடம் மதுரை. கடலை வெட்டும் திட்டத்துக்குக் கடலே இல்லாத ஊரில் தொடக்க விழா வைத்ததில் ஒரு நேர்மை இருந்தது. என்ன கிடைக்கப்போகிறது என்பதை அன்றே காட்டிவிட்டார்கள்.

17 செப்டம்பர் 2007: உச்ச நீதிமன்றத் தடையால் ஆதம் பாலப் பகுதியில் தூர்வாரல் நிறுத்தம்.

27 ஜூலை 2009: பாக் நீரிணைப் பகுதியிலும் வேலை 'தற்காலிகமாக' நிறுத்தம்.

அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. அன்று பிறந்த குழந்தை பள்ளிப்படிப்பின் கடைசி வகுப்புகளுக்கு வந்தாயிற்று. கடைசி அப்டேட் தேதி அதுதான். பையனின் முதல் சோதனை முடிந்தது.

இரண்டாவது சோதனை: கடையில் இன்னும் விற்கிறார்களா? விற்கிறார்களாவா! 1998இல் பிரதமர் வாஜ்பாய் சென்னைப் பொதுக்கூட்டத்தில் விற்றார். 2001 தேர்தல் அறிக்கையில் அ.தி.மு.க. விற்றது. அதே கட்சித் தலைவி பின்னாளில் அந்த ராமர் பாலத்தைத் தேசியச் சின்னமாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றம் போனார். அது தனி விற்பனை. கப்பல் துறையைக் கையில் வைத்துக்கொண்டு தி.மு.க. விற்றது. 2007இல் இந்தியத் தொல்லியல் துறை ராமர் பாலம் பற்றி ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு, அது பற்றிக்கொண்டு எரிந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டு, இரண்டு அதிகாரிகளை இடைநீக்கம் செய்து, டில்லி ஒரு விற்பனை நடத்தியது. மாற்றுவழி ஆராயப் போட்ட பச்சௌரி குழு, அந்த வழியும் சுற்றுச்சூழலுக்கும் சரிவராது, பணக்கணக்குக்கும் கட்டுபடியாகாது என்றது. அதை ஒதுக்கிவிட்டுத் திட்டத்தைத் தொடர்வோம் என்று 2013இல் மத்திய அரசு சொன்னது. 2018 மார்ச்சில் வேறொரு மத்திய அரசு, நாட்டு நலன் கருதிப் பழைய வழியில் போகமாட்டோம், மாற்றுவழி பார்ப்போம் என்றது. ஒரு மாற்றுவழி சரிவராது என்று ஏற்கெனவே அறிக்கை வந்துவிட்ட பிறகு! 12 ஜனவரி 2023 அன்று தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, திட்டத்தை நிறைவேற்று என்றது. பா.ஜ.க. உறுப்பினர்களும் பாலத்துக்குச் சேதம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஆதரித்தார்கள். பெட்டி காலி என்று தெரிந்தும் எல்லாக் கட்சியும் சேர்ந்து ரிப்பன் கட்டிய நாள் அது.

கணக்கைப் பாருங்கள். 2012 ஜூன் வரை செலவு 766.82 கோடி ரூபாய். மத்திய அரசே சொன்ன கணக்கு. அந்தப் பணம் எங்கே போயிற்று என்றால், கடலுக்குள் போயிற்று என்பது திருட்டுப் பதில் ஆகாது, அப்பட்டமான உண்மை. கடல்மண்ணை அள்ளிக் கடலிலேயே இன்னோர் இடத்தில் கொட்டினார்கள். பாக் விரிகுடா வண்டல் வந்து தங்கும் கடல். அள்ளிய பள்ளத்தை அப்படியே பாதுகாத்து வைக்க அது அரசு ஆவணக் காப்பகமும் இல்லை.

ரீஃபண்ட் கேட்கலாமா? ஸ்டீமில் சட்டம் தெளிவு. வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணிக்குக் கீழ் இருக்க வேண்டும். நம் ஊரில் அடிக்கல் விழாவே 2 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. தலைவர் பேசி முடித்து வணக்கம் சொல்லும்போதே நம் ரீஃபண்ட் உரிமை காலாவதி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால்வாய் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே என் வழக்கு இல்லை. 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், 424 கடல்மைல் வரை மிச்சம், 30 மணி நேரம் வரை லாபம் என்று அரசு சொன்னது. ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் கப்பல்களுக்கு அந்த லாபம் கிடையாது, கால்வாயில் மெதுவாக ஊர்ந்து, கட்டணமும் கட்டி, நட்டத்தோடு போக வேண்டியிருக்கும் என்று பொருளியலாளர் ஜேக்கப் ஜான் 2007இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 21 தீவுகளும் பவளத்திட்டுகளும் கொண்ட மன்னார் வளைகுடா 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். அதன் வாசலில் தூர்வாரலாமா என்று கடலியல் அறிஞர்கள் கேட்டார்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள், எங்கள் வலையை எங்கே போடுவது என்று கேட்டார்கள். வேண்டும் என்பவர்களுக்கும் காரணம் உண்டு, வேண்டாம் என்பவர்களுக்கும் உண்டு. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: மௌனம். ஆதரித்தவருக்குக் கால்வாய் வரவில்லை. எதிர்த்தவருக்கு நிம்மதி வரவில்லை. எந்தத் தேர்தலுக்கு முன் எந்த டிரெட்ஜர் வந்து நிற்குமோ என்று பாக் நீரிணை மீனவன் இன்னும் பயந்துகொண்டிருக்க வேண்டும்.

சேது மட்டும் என்றால் ஒரு விபத்து என்று விட்டுவிடலாம். தூத்துக்குடியில் பட்டியலே இருக்கிறது.

28 பிப்ரவரி 2013. மத்திய பட்ஜெட். வ.உ.சி. துறைமுகத்தில் சுமார் 7,500 கோடியில் வெளித்துறைமுகம் அமைப்போம் என்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவிக்கிறார். 28 பிப்ரவரி 2024. தூத்துக்குடியில் பிரதமர் மோடி, சுமார் 7,056 கோடியில் வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்துக்கு அடிக்கல் நாட்டுகிறார். பஞ்சாங்கம் பார்த்ததுபோல் 11 ஆண்டு கழித்து அதே தேதி. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே 11 ஆண்டு. உப்பு விலை ஏறியது, சிமென்ட் விலை ஏறியது, கம்பி விலை ஏறியது. வெளித்துறைமுகம் மட்டும் 400 கோடிக்கு மேல் மலிந்தது. விற்காத கேமுக்குத் தள்ளுபடி போடுவார்கள் என்று பையன் சொன்னபோது நான் நம்பவில்லை.

அதே நாளில் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் 986 கோடி மதிப்பில் அடிக்கல். அதை வரவேற்றுத் தமிழக அமைச்சர் ஒருவர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். அதில் பறந்த ராக்கெட்டில் இருந்தது சீனக் கொடி. தன் கேமுக்கு விளம்பரம் செய்யும்போது அடுத்தவன் கேம் படத்தைப் போடும் அளவுக்கு நம்மவர்கள் தொழில் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள்.

அடுத்தது கொழும்புக் கப்பல். 13 ஜூன் 2011 அன்று 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பியது. பழைய நாள்போல் இனி கொழும்பு அடுத்த தெரு என்று ஊரே பேசியது. அதே ஆண்டு நவம்பரில் கப்பல் நின்றது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. டெமோ பதிப்பு என்று முன்னமே சொல்லியிருந்தால் மூட்டை கட்டி வைத்தவர்கள் அவிழ்த்திருப்பார்கள்.

அடுத்தது ரயில். மதுரை – அருப்புக்கோட்டை – தூத்துக்குடி புதுப்பாதை, 143.5 கிலோமீட்டர், 2011-12இல் அனுமதி. இத்தனை ஆண்டில் மீளவிட்டானுக்கும் மேலமருதூருக்கும் இடையே 18 கிலோமீட்டர் முடித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. நத்தைக்குச் சம்பளம் கொடுத்தால் இதைவிட வேகமாகப் போகும். 2025 ஜனவரியில் சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இந்தப் பாதை என்னவாயிற்று என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். மாநில அரசே வேண்டாம் என்றுவிட்டது, அதனால் கைவிடப்பட்டது என்று ரயில்வே அமைச்சர் பதில் சொன்னார். மாநில அமைச்சர் உடனே மறுத்தார். நாங்கள் எங்கே வேண்டாம் என்றோம்? அப்புறம் விளக்கம் வந்தது: தொழிற்சாலைச் சத்தத்தில் 'தூத்துக்குடி' என்றது அமைச்சர் காதில் 'தனுஷ்கோடி' என்று விழுந்துவிட்டது!

இந்த இடத்தில் சிரிக்காதீர்கள். நம் ஊரின் வரலாற்றில் ஒரு திட்டம் கைவிடப்பட்டது என்று ஓர் அமைச்சர் வாய்திறந்து, காரணத்தோடு, ஊரறியச் சொன்ன ஒரே வாக்குமூலம் அது. அதுவும் ஊர் மாறிப்போயிற்று. தனுஷ்கோடிப் பாதைக்கு 2019இல்தான் பிரதமர் அடிக்கல் நாட்டினார் என்பதை நினைத்தால், வேறொரு கல்லின் மரண அறிவிப்பு தவறுதலாக நம் வீட்டு வாசலில் வந்து விழுந்திருக்கிறது.

திட்டத்தை மூடிவிட்டோம் என்று ஏன் யாரும் சொல்வதில்லை? எழுதத் தெரியாமலா? தூத்துக்குடிக்காரனிடம் அந்தக் கதை செல்லாது. 28 மே 2018 அன்று ஸ்டெர்லைட் ஆலையை நிரந்தரமாக மூடத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. சில வரி, ஒரு கையெழுத்து, ஒரு பூட்டு. எல்லாம் ஒரே நாளில் நடந்தது. அந்த ஒரு தாளுக்கு ஊர் கொடுத்த விலை, ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள்மேல் ஆறு நாள் முன்பு தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர். அரசுக்கு மூடல் உத்தரவு எழுதத் தெரியும். எழுத வைக்க இவ்வளவு ஆகும் என்பதைத்தான் நாம் தெரிந்துகொண்டோம்.

மூடாததற்குக் காரணம் லாபம். செத்த திட்டத்துக்கு யார் கொன்றது என்று கேள்வி வரும், எவ்வளவு செலவு என்று கணக்கு வரும், பொறுப்பு என்று ஒருவர் பெயர் வரும். முடிந்த திட்டத்திலும் தொல்லைதான்: கால்வாயில் எத்தனை கப்பல் போயிற்று என்று எவனாவது எண்ணுவான். இரண்டுக்கும் நடுவில், மூச்சு இருக்கிறதா என்று தெரியாத நிலையில் கிடத்தி வைத்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் அறிக்கையில் ஏற்றலாம். எதிர்க்கட்சியாக இருந்தால், தடுத்துவிட்டார்கள் என்று கத்தலாம். ஆளுங்கட்சியாக இருந்தால், பரிசீலனையில் இருக்கிறது என்று புன்னகைக்கலாம். இப்படி இரட்டை வருமானம் தரும் சொத்தை எந்தப் பைத்தியக்காரன் சுடுகாட்டுக்கு எடுத்துப்போவான்?

இதையெல்லாம் நடத்துகிறவர்கள் துறைமுகத்துக்கு வைத்திருக்கும் பெயர்தான் வயிற்றெரிச்சல். 1906இல் இதே தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் மக்களிடம் முன்பணம் வாங்கினார். சுதேசி நாவாய்ச் சங்கம், பங்கு ஒன்று 25 ரூபாய். செய்யாத பொருளுக்கு முன்கூட்டியே காசு, ஏர்லி ஆக்சஸ்தான். மறு ஆண்டே 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல் துறைக்கு வந்து நின்றன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மிரட்டியபோதும் ஓடின. 1908இல் அவரைச் சிறையில் தள்ளி, கோவையில் செக்கிழுக்க விட்டார்கள். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. முன்பணம் வாங்கிக் கப்பல் கொண்டுவந்தவருக்குச் செக்கு. வாங்கிவிட்டுக் கொண்டுவராதவர்களுக்குச் செங்கம்பளம். அவர் பெயர் தாங்கிய துறைமுகத்திலேயே அந்தக் கம்பளத்தை விரிக்கவும் செய்கிறார்கள்.

நமக்கும் பங்கு உண்டு. விற்கிறவன் மட்டும் இருந்தால் கடை நடக்காது. 'முத்துநகர்' என்ற நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். முத்துப் பார்களில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். குளித்த குடும்பங்கள் சங்கு குளிக்கப் போயின. 1973இல் தூத்துக்குடி மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். முத்து பிறந்தது, முத்துத் தொழில் பிறக்கவில்லை. ஆனாலும் 'முத்துநகர் எக்ஸ்பிரஸ்' ராத்திரிதோறும் சென்னைக்குக் கிளம்புகிறது, நாமும் முத்துநகரத்தான் என்று மார்தட்டிக்கொண்டு ஏறி உட்காருகிறோம். பெயர்ப்பலகை இருந்தால் போதும், பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று 60 ஆண்டாகப் பழகிய ஊரிடம் அரசியல்வாதி வேறு எதை விற்பான்?

கால்வாய் வெட்டு என்றோ வெட்டாதே என்றோ இன்று நான் கேட்கவில்லை. ஸ்டீம் தன் கடையில் போட்ட எச்சரிக்கையை நாட்டின் அடிக்கல்களில் போட ஒரு சட்டம் கேட்கிறேன். ஓராண்டுக்கு மேல் வேலை நடக்காத ஒவ்வொரு திட்டத்தின் கல்லிலும் நான்கே வரி பொறிக்க வேண்டும். கடைசியாக வேலை நடந்த தேதி. அதுவரை ஆன செலவு. நிறுத்தியவர் பெயர், பதவி. தொடரப்போகிறோமா, மூடிவிட்டோமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில். 'தற்காலிகமாக' என்ற சொல்லுக்குத் தடை.

கல்லில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரதமர், முதல்வர், அமைச்சர், இணையமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர் என்று அத்தனை பேருக்கும் எழுத்தின் உயரம் குறையாமல் இடம் கிடைத்திருக்கிறது. அந்த நான்கு வரியைப் பொறிக்கக் கை வராதவர்கள் அடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வரவேண்டாம். பூமாலைக்கும் மேடைக்கும் ஆகிற செலவையாவது நாங்கள் ரீஃபண்ட் என்று எழுதிக்கொள்கிறோம்.